ஒரு பணிக்கு ஒரே பெயர்: வேலையை ஒப்படைப்பவரின் பார்வையில் அசானா

பணி மேலாண்மைச் செயலிகளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும், ஒருவர் தன் சொந்த வேலைகளை எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்பதையே பேசுகின்றன. குழுவை நடத்துகிறவருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தன் கையில் இருக்கும் வேலையை இன்னொருவர் கையில் கொடுத்த பிறகு அது நல்லபடியாக முடியுமா, முடியும்வரை தான் எவ்வளவு தள்ளி நிற்கலாம், எப்போது அருகில் போக வேண்டும் என்கிற கவலை அது. சிறிய குழு ஒன்றின் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பில் இருக்கும் நான், அசானா என்ற செயலியை அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். அதன் வசதிகள் எல்லாவற்றையும் இங்கே அடுக்கப் போவதில்லை. வேலையை ஒப்படைப்பதற்கு அது எவ்வளவு தூரம் துணை வருகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஃபேஸ்புக்கை நிறுவியவர்களில் ஒருவரான டஸ்டின் மாஸ்கோவிட்ஸும், கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் பணியாற்றிய ஜஸ்டின் ரோசன்ஸ்டைனும் 2008-இல் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். யார் எதைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று விசாரித்து அறிவதிலேயே வேலை நேரத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது என்ற எரிச்சலில், ஃபேஸ்புக்கின் உள் பயன்பாட்டுக்காக அவர்கள் ஏற்கெனவே ஒரு கருவியைச் செய்திருந்தார்கள். அந்த அனுபவமே அசானாவுக்கு அடித்தளம். 2012-இல் செயலி வணிக அளவில் வெளிவந்தது. 2020-இல் நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. இந்தப் பின்னணி செயலியின் அமைப்பிலும் தெரிகிறது. எந்தத் திரைக்குப் போனாலும் இது யாருடைய வேலை என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கும்.

அந்த விடை எப்போதும் ஒரே ஒரு பெயராகத்தான் இருக்கும் என்பதுதான் அசானாவின் முதன்மையான வடிவமைப்பு முடிவு. ஒரு பணிக்குப் பொறுப்பாளராக இரண்டு பேரைப் போட அது அனுமதிப்பதில்லை. டிரெல்லோ என்ற இதேபோன்ற செயலியில், ஒரு பணியைக் குறிக்கும் அட்டையில் பலரைச் சேர்க்கலாம். மைக்ரோசாஃப்டின் பிளானர் செயலியிலும் ஒரே பணியைப் பலருக்குக் கொடுக்கலாம். அவற்றிலிருந்து இங்கே வருகிறவர்களுக்கு இது முதலில் பிடிவாதமாகத் தோன்றும். "இதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதானே செய்கிறோம்?" என்ற கேள்வி எங்கள் குழுவிலும் எழுந்தது. இரண்டாவது பெயரையும் சேர்க்க முயன்றால், ஒவ்வொருவருக்கும் அதே பணியின் தனித்தனிப் படியை உருவாக்கித் தருவதாகச் செயலி சொல்லும். எல்லோரும் ஒரு படிவத்தை நிரப்பித் தர வேண்டும் என்பது போன்ற வேலைக்கு அது பொருந்தும். சேர்ந்து செய்யும் வேலைக்கு அது வழியல்ல.

இந்தப் பிடிவாதம் சரியானது என்றே நான் கருதுகிறேன். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் மனிதர்களைக் கயிறு இழுக்கவைத்து, ஆள் சேரச் சேர ஒவ்வொருவரும் செலுத்தும் விசை குறைந்துகொண்டே போவதை அளந்து 1913-இல் வெளியிட்டார். எல்லோரும் ஒரே நொடியில், ஒரே திசையில் இழுப்பதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா? அந்தச் சிக்கலைத் தனியே பிரித்துப் பார்க்க, 1979-இல் பிப் லாடனேயும் உடன் ஆய்வாளர்களும் ஆட்களைக் கைதட்டவும் உரக்கக் கத்தவும் வைத்துச் சோதித்தார்கள். மற்றவர்களும் கத்துகிறார்கள் என்று நம்பவைக்கப்பட்டவர்கள், தனியாகக் கத்தியதைவிடக் குறைவாகவே கத்தினார்கள். அலுவலகத்தில் இதற்கு யாருடைய சோம்பலும் தேவையில்லை. இரண்டு நேர்மையான, உழைப்பாளியான மனிதர்கள், மற்றவர் தொடங்கியிருப்பார் என்று ஒருவரையொருவர் மதித்துக் காத்திருந்தாலே வேலை கிடப்பில் கிடந்துவிடும்.

ஆகவே, கூட்டு வேலை என்று சொல்லப்படும் எதையும் அசானாவில் பதிவதற்கு முன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருக்கிறது. யார் முழு வேலைக்கும் பதில் சொல்வார், யார் அதில் ஒரு பகுதியை மட்டும் செய்து கொடுப்பார் என்று நாமே பிரிக்க வேண்டும். முன்னவர் பணியின் பொறுப்பாளர் ஆகிறார். பின்னவருக்கு அதன் கீழ் தனிப் பெயரோடும் தனி நாளோடும் ஓர் உட்பணி போகிறது. கூட்டத்தில் "நீங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி எழுந்துவிடுவது எளிது. யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற சங்கடத்தைத் தவிர்க்கவே நாம் அப்படிச் சொல்கிறோம். செயலி அந்தச் சங்கடத்தை நம் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. நான் இதற்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

ஆனால், யாருக்கு, எப்போதைக்குள் என்ற இரண்டு கேள்விகளையும் இவ்வளவு அழுத்தமாகக் கேட்கும் அசானா, எதை ஒப்படைக்கிறோம் என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை. புதிய பணியைத் திறந்தால் தலைப்பு, பொறுப்பாளர், இறுதி நாள் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் இருக்கிறது. விவரத்துக்கு ஒரு வெற்றுப் பெட்டி மட்டுமே இருக்கிறது. அதை நிரப்பாமலேயே பணியை அனுப்பிவிடலாம்; அனுப்புகிறவர்கள்தான் மிகுதி. "புகார் அறிக்கை, வெள்ளிக்குள்" என்று ஒரு தலைப்பு, ஒரு பெயர், ஒரு தேதி. அனுப்பியவருக்கு வேலை தன் தலையிலிருந்து இறங்கிவிட்ட நிம்மதி. பெற்றவருக்கோ கேள்விகள் மட்டுமே மிச்சம். அறிக்கை யாருக்கு? எண்ணிக்கை போதுமா, காரணமும் வேண்டுமா? தரவு இன்னொரு பிரிவிடம் இருக்கிறதே, அவர்களிடம் தானே போய்க் கேட்கலாமா? இவற்றையெல்லாம் கேட்டால் தகுதியில்லாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் வேறு. வெள்ளிக்கிழமை வந்து சேரும் அறிக்கை, கேட்டவர் மனத்தில் இருந்த அறிக்கையாக இருக்காது.

அதே பணியை நான் இப்போது எப்படி எழுதுகிறேன் என்பதற்கு ஒரு மாதிரியைத் தருகிறேன். தலைப்பு: "வாடிக்கையாளர் புகார்களின் காலாண்டுத் தொகுப்பு, நிர்வாகக் குழுவுக்கு." விவரப் பெட்டியில் பின்வருமாறு எழுதுவேன்: "அடுத்த காலாண்டில் எந்தக் குறைகளை முதலில் தீர்ப்பது என்று முடிவெடுக்க நிர்வாகக் குழு இதைப் படிக்கப் போகிறது. இரண்டு பக்கங்களுக்கு மிக வேண்டாம். புகார்களை எப்படி வகைப்படுத்துவது என்பது முழுக்க உங்கள் முடிவு. விற்பனைப் பிரிவிடம் நேரடியாகத் தரவு கேட்டுப் பெறலாம், அவர்களிடம் சொல்லிவிட்டேன். எந்த வாடிக்கையாளரின் பெயரையாவது குறிப்பிட வேண்டி வந்தால் மட்டும் என்னிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். புதன்கிழமை வகைப்பாட்டை மட்டும் சேர்ந்து பார்ப்போம்." எழுதச் சில நிமிடங்கள் ஆகும். ஆனால், வேலை எதற்காக, எப்படிப்பட்ட விளைவு வேண்டும், எது அவர் முடிவு, எது என்னைக் கேட்டுச் செய்ய வேண்டியது என்பவை ஒரே இடத்தில் இருக்கின்றன. இந்த மாதிரியை ஒரு தனிப் பணியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதைப் படியெடுத்து நிரப்புவது எங்கள் வழக்கமாகிவிட்டது. படியெடுக்கும் வசதியை அசானா எளிதாகவே தருகிறது.

அந்த விவரத்தில் "அவர்களிடம் சொல்லிவிட்டேன்" என்ற வாசகம் சிறியதாகத் தெரியலாம். பொறுப்பை ஒப்படைக்கும்போது பெரும்பாலும் விடுபட்டுப் போவது அதுதான். ஒருவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறோம் என்பது அவருக்கும் நமக்கும் மட்டும் தெரிந்தால் போதாது. அவர் யாரிடம் போய் நிற்கப் போகிறாரோ அவர்களுக்கும் தெரிய வேண்டும். இல்லையென்றால், இளையவர் ஒருவர் மூத்த அலுவலரிடம் தரவு கேட்டுப் போகும்போது, "உங்கள் மேலாளரே கேட்கட்டும்" என்ற பதிலோடு திரும்ப நேரிடும். இதில் அசானா நன்றாகவே கைகொடுக்கிறது. அந்தப் பணியில் விற்பனைப் பிரிவின் அலுவலரையும் உடன்பணியாளராக, அதாவது பணியைப் பார்த்து அதன் அறிவிப்புகளையும் பெறுகிறவராக, சேர்த்துவிட்டால், விவரம் முழுவதையும் அவர் படிக்க முடிகிறது. நான் எழுதிய பத்தியே இளையவருக்கான அனுமதிக் கடிதமாகிவிடுகிறது. அவர் தன் அதிகாரத்தைத் தானே விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மின்னஞ்சலில் நகல் போடுவதைவிட இது மேல். பின்னால் வரும் கேள்வி பதில்களும் அந்த இடத்திலேயே திரள்வதால், யாரும் பழைய அஞ்சல்களைத் தோண்ட வேண்டியதில்லை.

எவ்வளவு அதிகாரம் என்பதைக் குறிக்கத் தனி இடமே இருந்திருக்கலாம். விவரங்களைத் திரட்டி என்னிடம் கொடுப்பது, பரிந்துரையோடு வருவது, முடிவெடுத்துவிட்டுத் தகவல் சொல்வது, தகவலும் தேவையில்லாமல் முடித்துவிடுவது என ஒப்படைப்பில் பல படிகள் உண்டு. ஒரே மனிதருக்கே ஒரு வேலையில் ஒரு படியும் இன்னொரு வேலையில் வேறு படியும் பொருத்தமாக இருக்கும். கட்டணத் திட்டங்களில் நாமே ஒரு புலத்தை (தகவல் பதியும் தனி இடத்தை) உருவாக்கி இந்தப் படிகளை அதில் பதியலாம். அப்படிப் பதிந்த பிறகு, பட்டியலைப் பார்க்கும்போதே ஒன்று புலப்படுகிறது: யாருக்கெல்லாம் நாம் நெடுங்காலமாகத் திரட்டும் வேலையை மட்டுமே கொடுத்து வருகிறோம் என்பது. இவ்வளவு பயனுள்ள ஒன்றை ஆரம்பத்திலேயே கேட்கும்படி அமைக்காததை இந்தச் செயலியின் பெரிய குறையாகச் சொல்வேன்.

உட்பணிகளைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஒரு பணியை உட்பணிகளாகப் பிரிப்பது இங்கே மிக எளிது. அந்த எளிமையே ஒப்படைப்பவருக்கு வலையாகவும் ஆகிறது. வேலையைக் கொடுக்கிறவரே அதை வரிசையான படிகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டுக் கொடுத்தால், பெறுகிறவருக்குச் சிந்திக்க எதுவும் மிஞ்சுவதில்லை. அவருக்குப் போய்ச் சேர்வது கட்டளைகளின் பட்டியல். பொறுப்பு கொடுத்தவரிடமே தங்கிவிடுகிறது. வேலைக்கு முற்றிலும் புதியவர் என்றால் அது தேவைதான். மற்றபடி, பணியை முழுதாகக் கொடுத்துவிட்டு, "இதை எப்படிப் பிரிக்கப் போகிறீர்கள் என்று நீங்களே உட்பணிகளாக எழுதுங்கள்" என்று கேட்பது நல்லது. அவர் எழுதும் படிகளைப் பார்த்தாலே வேலையைப் புரிந்துகொண்டிருக்கிறாரா என்பது தெரிந்துவிடும். ஏதாவது ஒரு படி விடுபட்டிருந்தால் வேலை தொடங்குமுன்பே பேசிவிடலாம்.

நானே சேர்க்கும் உட்பணி பெரும்பாலும் என் பெயரில்தான் இருக்கும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில், புதன்கிழமை வகைப்பாட்டைப் பார்ப்பது என் கடமை. அதை என் பெயரிலும் அந்தத் தேதியிலும் ஓர் உட்பணியாகப் போட்டுவிட்டால், நான் தாமதித்தால் அவருடைய வேலை நிற்கிறது என்பது இருவர் கண்ணுக்கும் தெரிகிறது. ஒப்படைத்தவர் பதில் சொல்லத் தாமதிப்பதால் வேலை தேங்கி, பழி மட்டும் பெற்றவர் மேல் விழுவதை எத்தனையோ அலுவலகங்களில் காணலாம். இந்த ஒரு பழக்கம் அதைப் பெருமளவு குறைக்கிறது. தொழில்நுட்ப நோக்கில் இதில் ஒரு தொல்லையும் உண்டு. தாய்ப்பணி எந்தத் திட்டத்தில் (அசானாவில் பணிகளின் தொகுப்புக்கு அதுதான் பெயர்) இருக்கிறதோ அந்தத் திட்டத்தில் உட்பணி தானாகச் சேர்வதில்லை. பணிகளை அட்டைகளாக அடுக்கிக் காட்டும் பலகைக் காட்சியில் திட்டத்தைப் பார்க்கிறவர், அட்டைக்குள் ஒளிந்திருக்கும் உட்பணிகளைத் தவறவிட வாய்ப்பு அதிகம். எனவே, முக்கியமான பகுதி எதுவானாலும் அதை உட்பணியாக வைக்காமல் தனிப் பணியாக வைப்பதே பாதுகாப்பு.

அறிவிப்புகள் வேறு வகைச் சிக்கல். பணியை உருவாக்கியவர் இயல்பாகவே அதில் உடன்பணியாளராகிவிடுகிறார். பணியில் எழுதப்படும் ஒவ்வொரு கருத்தும் அவர் இன்பாக்ஸுக்கு வரும். தேதி மாற்றப்பட்டால், யார் எப்போது மாற்றினார் என்பது பணியின் கீழே பதிவாகும். கண்காணிப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. வேலையை முழு மனதோடு விட்டுக்கொடுக்க நினைப்பவருக்கு அந்த வசதியே தடையாகிவிடுகிறது. குழுவினர் இருவர் ஒரு சிறு விஷயத்தைத் தங்களுக்குள் விவாதித்துத் தீர்க்கும் முன்னரே, அறிவிப்பைப் பார்த்த மேலாளர் இடையில் புகுந்து விடையைச் சொல்லிவிடுகிறார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். சில முறை இப்படி நடந்தால் போதும், அடுத்த விவாதத்தில் அந்த இருவரும் தாங்களாகப் பேசுவதை நிறுத்திவிட்டு, அவர் வரும்வரை காத்திருக்கத் தொடங்குவார்கள்.

இதற்கு அசானாவிலேயே மருந்து இருக்கிறது. நாம்தான் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். பணியைக் கொடுத்த பிறகு அதன் உடன்பணியாளர் பட்டியலிலிருந்து விலகிவிடலாம். பணி அழியாது, பொறுப்பாளரும் மாறமாட்டார். நமக்கு வரும் அறிவிப்புகள் மட்டும் நிற்கும். முகப்பில், நாம் மற்றவர்களுக்குக் கொடுத்த பணிகளைத் தனியே காட்டும் பகுதி ஒன்று உண்டு. வாரத்தில் குறித்த வேளையில் அதைத் திறந்து பார்த்தால் எது முடிந்தது, எது தேதி கடந்து நிற்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. திட்டம் பெரிதானால், அதை நடத்துகிறவரே நிலை அறிக்கை எழுதும் வசதி இருக்கிறது. சரியாகப் போகிறது, ஆபத்தில் இருக்கிறது, தடம் விலகிவிட்டது என்று பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் குறித்துக் கீழே விளக்கம் தரலாம். என் அனுபவத்தில், மஞ்சள் போட்டவருக்கு நன்றி சொல்லும் மேலாளரிடம்தான் இந்த வசதி பயன்படும். மஞ்சளைக் கண்டதும் குரலை உயர்த்துகிற இடத்தில், கடைசி நாள்வரை எல்லாமே பச்சையாகத்தான் இருக்கும்.

கொடுத்த வேலை திரும்பி வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வில்லியம் ஆன்கனும் டொனால்ட் வாஸும் 1974-இல் ஹார்வர்டு பிசினஸ் ரெவ்யூவில் எழுதிய கட்டுரையில், பணியாளரின் தோளில் இருக்கும் குரங்கு ஒரு சிறிய உரையாடலில் மேலாளரின் தோளுக்குத் தாவிவிடுவதை விவரித்திருந்தார்கள். "ஒரு சிக்கல் வந்திருக்கிறது" என்று அவர் தொடங்க, "நான் யோசித்துச் சொல்கிறேன்" என்று இவர் முடிக்க, வேலை கைமாறிவிடுகிறது. அசானாவில் அதற்கு உரையாடல்கூடத் தேவையில்லை. பொறுப்பாளர் இடத்தில் பெயரை மாற்றிவிட்டால் போதும்; ஒரு சொடுக்கில் பணி கொடுத்தவர் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். கேள்வி கேட்பதற்காகப் பணியையே திருப்பி அனுப்பும் இந்தப் பழக்கம் மிக எளிதில் தொற்றிக்கொள்ளும். கேட்டவரிடம் விடை போய்ச் சேர்ந்த பின்னும் பணியின் மேல் மேலாளரின் பெயர் இருப்பதால், யாரும் அதைத் தொடுவதில்லை. எங்கள் குழுவில் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறோம். சந்தேகம் எதுவானாலும் கருத்தாக எழுத வேண்டும். பெயரை மாற்றக் கூடாது. கேள்வியோடு தன் பரிந்துரையையும் சேர்த்து எழுத வேண்டும். செயலி இந்த விதியைக் காக்காது. யாராவது மீறினால், மனம் நோகாமல் பணியை அவர் பெயருக்கே மாற்றி, விடையைக் கருத்தில் எழுதிவிடுவது மேலாளரின் வேலை.

மற்ற வசதிகளில் சிலவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். முடிந்ததை ஒப்புக்கொள்ளவோ திருத்தம் கேட்கவோ உதவும் ஒப்புதல் வசதி நன்றாக இருக்கிறது. அதை எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டால் எதையும் ஒப்படைக்கவில்லை என்று பொருள். உயர்ந்த கட்டணத் திட்டங்களில், யார் கையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று காட்டும் காட்சி உண்டு. திறமையானவரிடமே மேலும் மேலும் வேலையைக் குவிக்கும் வழக்கத்தை அது வெளிச்சம்போட்டுக் காட்டும் என்பதால், பத்துப் பேருக்கு மேல் இருக்கும் குழுவுக்கு அவசியம் என்பேன். பணியை முடித்ததும் சில நேரங்களில் திரையில் ஒற்றைக்கொம்புக் குதிரை ஒன்று பறந்து செல்லும். சிலருக்கு அது பிடிக்கும், பிடிக்காதவர்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், நான்கைந்து பேருக்கு மேல் இருக்கும், ஒருவருக்கொருவர் வெவ்வேறு இடத்திலோ வெவ்வேறு நேரத்திலோ வேலை செய்யும் குழுக்களுக்கு. ஒரே அறையில் மூன்று பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே வேலை செய்கிற இடத்தில் இது கூடுதல் சுமைதான். எழுதுவதற்குப் பொறுமை இல்லாத, எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே சொல்லி முடிக்கும் தலைவர் இருக்கும் குழுவிலும் இது நிலைக்காது. அங்கே பணிகள் வெறும் தலைப்புகளாக நிரம்பி, சில வாரங்களில் யாரும் திறக்காத பட்டியலாகிவிடும். தொடங்க விரும்புகிறவர்கள் எல்லா வேலைகளையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். ஒரு திட்டத்தை மட்டும் முதலில் ஏற்றி, விவரப் பெட்டியை நிரப்பும் பழக்கம் குழுவுக்குப் படிந்த பிறகு, மற்றவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

அந்தப் பழக்கத்தின் பயனை மிகத் தெளிவாகக் காட்டும் நேரம் ஒன்று உண்டு: குழுவிலிருந்து ஒருவர் விலகும்போது. அவர் கணக்கை நீக்கினால், அவர் பெயரில் இருந்த பணிகளைத் திரட்டி, நீக்கியவரிடம் ஒரே பட்டியலாக அசானா கொடுத்துவிடுகிறது. நோக்கமும் எல்லையும் அதிகாரமும் எழுதப்பட்டிருந்த பணிகளை, அடுத்து வருகிறவர் அன்றைக்கே எடுத்துக்கொண்டு தொடர முடிகிறது. தலைப்பு மட்டும் இருக்கும் பணிகளுக்கு, விலகிப் போனவரையே தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.